வயிற்று வலிக்கு ஒரு ஊது ஊதினால் போதுமா? குழந்தைகளின் குடல் நோயை மூச்சுக்காற்றில் தேடும் மருத்துவர்கள்

‘ஊது’ என்று யாராவது சொன்னால் நமக்கு முதலில் ஞாபகம் வருவது, ராத்திரி பத்து மணி சிக்னலில் கையில் கருவியோடு நிற்கும் டிராஃபிக் போலீஸ்தான். ஊதினால் போதும், குடித்திருக்கிறாரா இல்லையா என்று சில விநாடிகளில் தெரிந்துவிடும். சரி, மாதக்கணக்கில் ‘வயிறு வலிக்குதும்மா’ என்று சுருண்டு படுக்கும் ஒரு பத்து வயதுப் பிள்ளையை இதேபோல ஊதச் சொல்லி, அந்தப் பிள்ளையின் குடலுக்குள் புண் இருக்கிறதா என்று சொல்ல முடியுமா?

அமெரிக்காவின் க்ளீவ்லேண்டிலும் இத்தாலியின் ட்ரியஸ்ட்டிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். முடிவுகள் நம்பிக்கை தருகின்றன. ஆனாலும், ‘மூச்சைப் பரிசோதித்து குடல் அழற்சி நோயைக் கண்டுபிடிக்கிறோம்’ என்று எந்த ஆஸ்பத்திரியும் இன்னும் வழக்கமான பரிசோதனையாக இதைச் செய்வதில்லை. ஏன் நம்புகிறார்கள், ஏன் தயங்குகிறார்கள் என்ற இரண்டுமே பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள்.

பெயரிலேயே குழப்பம்

இந்த நோயின் பெயர் ஐ.பி.டி. அதாவது, குடல் அழற்சி நோய். இதோடு ஓரெழுத்து மட்டும் வித்தியாசப்படும் இன்னொன்று ஐ.பி.எஸ். இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் ஏராளம். ஐ.பி.எஸ்ஸில் வலி இருக்கும், வயிற்றுப்போக்கோ மலச்சிக்கலோ இருக்கும். ஆனால் குடலை உள்ளே பார்த்தால் புண்ணோ வீக்கமோ இருக்காது. ஐ.பி.டியில் இருக்கும். நம் உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே குடலின் சுவரைத் தாக்கிப் புண்ணாக்கிக்கொண்டே இருப்பதுதான் ஐ.பி.டி.

இதில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, க்ரோன் நோய். 1932-ல் நியூயார்க்கில் பர்ரில் க்ரோன் என்ற மருத்துவரும் அவருடைய இரண்டு சகாக்களும் சேர்ந்து விவரித்ததால் இந்தப் பெயர். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும், இங்கொன்றும் அங்கொன்றுமாக, குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் இது வரலாம். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடம் இதற்குப் பிடித்தமான இடம். இன்னொன்று அல்சரேட்டிவ் கொலைடிஸ். இது பெருங்குடலில் மட்டும், மலக்குடலில் ஆரம்பித்து மேல்நோக்கிப் பரவும், உள்தோலோடு நிற்கும்.

ஏன் வருகிறது? மரபணு, குடலில் வாழும் பாக்டீரியாக்கள், சூழல் என்று பல காரணங்கள் சேர்ந்து நடக்கிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. அம்மா கொடுத்த சாப்பாட்டாலோ, தெருமுனைக் கடையில் ஒருநாள் சாப்பிட்ட பானிபூரியாலோ வருவதும் இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், நோய் தெரிந்த வீடுகளில் முதல் பழி பெரும்பாலும் அம்மா மேல்தான் விழுகிறது.

ஐ.பி.டி நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு 20 வயதுக்குள்ளேயே நோய் தெரியவருகிறது. பெரியவர்களுக்கு வந்தால் அவர்கள் இழப்பது எடையையும் வேலைக்குப் போகும் நாட்களையும். குழந்தைகள் கூடவே வளர்ச்சியையும் இழக்கிறார்கள். வலிக்குப் பயந்து குறைவாகச் சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டதும் சரியாக உடம்பில் சேர்வதில்லை. இது போதாதென்று, அழற்சியின்போது உருவாகும் ரசாயனங்கள் வளர்ச்சி ஹார்மோனின் வேலையையே மந்தமாக்குகின்றன. க்ரோன் நோயுள்ள சில பிள்ளைகளுக்கு ஆரம்பத்தில் வயிற்றுப்போக்கே இருக்காது. ‘கூடப் படிக்கிற பசங்க எல்லாம் உயர்ந்துட்டாங்க, இவன் மட்டும் அப்படியே இருக்கான்’ என்பது மட்டும்தான் அறிகுறி. பருவம் முடிந்து எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடிவிட்டால், விட்டுப்போன உயரத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது.

அதனால் இந்த நோயில் ஒவ்வொரு மாதமும் கணக்கு. ஆனால் நம் வீடுகளில் அந்த மாதங்கள் எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியாதா? முதலில் பூச்சி மருந்து. அப்புறம் ‘உடம்பு சூடு’ என்று இளநீர், மோர். பாட்டி இருக்கிற வீடு என்றால் தொக்கம் எடுக்க ஒரு நடை. ஸ்கூல் போகப் பிடிக்காமல் நடிக்கிறான் என்று ஒரு திட்டு. பரீட்சை பயம் என்று ஒரு சமாதானம். எல்லாம் முடிந்து டாக்டரிடம் போகும்போது, சட்டை தொளதொளவென்று ஆகியிருக்கும்.

உள்ளே போய்ப் பார்க்காமல் முடியாதா?

டாக்டரிடம் போனால் என்ன நடக்கும்? ரத்தப் பரிசோதனையில் ரத்தசோகை, அழற்சியின் அளவு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். சந்தேகம் வலுத்தால் எண்டோஸ்கோபி, கொலனோஸ்கோபி. அதாவது, வாய் வழியாக ஒரு குழாய், ஆசனவாய் வழியாக ஒரு குழாய். கேமராவில் குடலைப் பார்த்து, பல இடங்களில் இருந்து துளித்துளியாகச் சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். ஐரோப்பியக் குழந்தைகள் குடல் மருத்துவர்கள் வகுத்த ‘போர்ட்டோ விதிகள்’, குழந்தைகளுக்கு ஐ.பி.டி என்று முடிவுசெய்ய இந்த இரண்டையும் செய்யச் சொல்கின்றன. இப்போதைக்கு இதுதான் கடைசித் தீர்ப்பு.

பெரியவர்கள் லேசான மயக்கத்தில் சமாளித்துவிடுவார்கள். குழந்தைகளுக்கு ஆழ்ந்த மயக்கமோ முழு மயக்க மருந்தோ தேவைப்படும். அதைவிடக் கொடுமை முந்தைய நாள். குடலைச் சுத்தம் செய்ய, பவுடரைக் கரைத்த தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். ஏற்கெனவே வயிறு வலிக்கும் பிள்ளையை, உப்பும் இனிப்புமாக ஒரு மாதிரி இருக்கும் அந்தத் தண்ணீரை டம்ளர் டம்ளராகக் குடிக்க வைத்து, விடிய விடிய பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு ஓடிய அம்மாக்களுக்குத்தான் அந்த இரவின் நீளம் தெரியும்.

வயிற்று வலி என்று வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஐ.பி.டி இருக்காது. எல்லோருக்கும் இதைச் செய்ய முடியாது. செய்யாமல் விட்டால் நிஜமாகவே நோய் உள்ள பிள்ளை தவறிப்போகும். யாரை உள்ளே அனுப்புவது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவெடுக்க, வாசலிலேயே ஒரு சல்லடை வேண்டும்.

அப்படி ஒரு சல்லடை ஏற்கெனவே இருக்கிறது. பெயர் கால்ப்ரொடெக்டின். குடலில் அழற்சி இருந்தால் வெள்ளை அணுக்கள் அங்கே குவியும். அவற்றில் இருக்கும் இந்தப் புரதம் மலத்தில் வெளியேறும். ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் அழற்சி இருக்க வாய்ப்பு குறைவு என்று எடுத்துக்கொள்வார்கள். 2013-ல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு இதைப் பரிந்துரைத்தது. நல்ல பரிசோதனைதான். ஆனால் சாதாரண வயிற்றுத் தொற்று இருந்தாலும், சில வலி மாத்திரைகள் சாப்பிட்டிருந்தாலும் அளவு ஏறிவிடும். சின்னக் குழந்தைகளுக்கு இயல்பாகவே அதிகமாக இருக்கும். இன்னொரு சிக்கல், டப்பா. ஐந்து வயதுப் பிள்ளையிடம் மலம் சேகரித்துவிடலாம். பதினான்கு வயதுப் பெண்ணிடம் அந்த டப்பாவைக் கொடுத்துப் பாருங்கள்!

மூச்சு என்றால் இந்தச் சங்கடமே இல்லை. ஊசி இல்லை, மயக்கம் இல்லை, டப்பா இல்லை.

குடலில் நடப்பது மூச்சில் எப்படித் தெரியும்?

பூண்டு ஊறுகாய் சாப்பிட்டுவிட்டு எவ்வளவு பல் தேய்த்தாலும் வாசனை போகாது, கவனித்திருக்கிறீர்களா? அந்த வாசனை வாயில் மட்டும் இல்லை. பூண்டில் உள்ள ஒரு கந்தகச் சேர்மம் குடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து மூச்சோடு வெளியே வருகிறது. பல்லைத் தேய்த்து என்ன பயன்?

போலீஸ் கருவி மதுவைப் பிடிப்பதும் இப்படித்தான். நுரையீரலின் காற்றுப் பைகளில் ரத்தமும் காற்றும் மெல்லிய ஒரு சவ்வு இடைவெளியில் சந்திக்கின்றன. ரத்தத்தில் இருக்கும், சுலபமாக ஆவியாகக்கூடிய எதுவும் அங்கே காற்றுக்குத் தாவிவிடும். இப்படித் தாவுபவற்றை எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் என்கிறார்கள். சர்க்கரை நோய் கட்டுமீறிப் போனவர்களின் மூச்சில் பழ வாசனை வருவதும் இதே வழியில்தான், அது அசிட்டோன்.

மூச்சு என்பது வெறும் கரியமில வாயு அல்ல என்று உலகத்துக்குக் காட்டியவர் லைனஸ் பாலிங். வேதியியலுக்கும் அமைதிக்கும் என இரண்டு நோபல் பரிசுகளைத் தனியாளாக வாங்கியவர். 1971-ல் அவரும் சகாக்களும் மூச்சைக் குளிரவைத்து உறையச்செய்து ஆராய்ந்தபோது, சுமார் 250 பொருட்கள் அதில் இருப்பது தெரிந்தது. 2014-ல் வெளியான ஒரு பட்டியல், ஆரோக்கியமான மனிதர்களின் மூச்சில் மட்டும் 872 சேர்மங்களைக் கணக்கிடுகிறது.

இவற்றில் குடல் நோய்க்கு என்ன சம்பந்தம்? அழற்சி நடக்கும் இடத்தில் வெள்ளை அணுக்கள் வீரியமுள்ள ஆக்ஸிஜன் மூலக்கூறுகளைக் கக்குகின்றன. அவை செல்களின் கொழுப்புச் சுவரைச் சிதைக்கின்றன. சிதைந்த கொழுப்பிலிருந்து ஈத்தேன், பென்டேன் போன்ற சின்ன வாயுக்கள் கிளம்புகின்றன. எண்ணெய் பழசானால் சிக்கு வாடை அடிக்கிறதல்லவா, ஏறக்குறைய அதே வேதியியல்தான். குடல் அழற்சி உள்ள பெரியவர்களின் மூச்சில் இந்த வாயுக்கள் அதிகமாக இருப்பதை 1990-களிலேயே பார்த்துவிட்டார்கள். குடலில் வாழும் பாக்டீரியாக்கள் வேறு தங்கள் பங்குக்கு வாயுக்களைத் தயாரிக்கின்றன. ஐ.பி.டி வந்தால் அந்த பாக்டீரியாக் கூட்டத்தின் கலவையே மாறிவிடுகிறது. அப்படியானால் வாயுக்களும் மாற வேண்டுமே!

மாறும். ஆனால் அளவு மிகமிகக் குறைவு. நூறு கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில்தான் இவை மூச்சில் இருக்கும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் நான்கை வரிசையாக நிறுத்தி, மொத்தத் தண்ணீருக்கும் சேர்த்து ஒரு சொட்டு மை விட்டால் எவ்வளவோ, அவ்வளவு.

க்ளீவ்லேண்டில் 117 குழந்தைகள்

அந்தச் சொட்டைத் தேடிப் பிடிக்கும் கருவிகள் இப்போது இருக்கின்றன. க்ளீவ்லேண்ட் கிளினிக்கில் பயன்படுத்திய கருவி, மின்னூட்டம் பெற்ற அயனிகளை மூச்சுக்காற்றோடு மோதவிடும். மூச்சில் உள்ள ஒவ்வொரு பொருளும் அந்த அயனியோடு சேர்ந்து ஒரு குறிப்பிட்ட எடைக்கு மாறும். எடையை வைத்து ஆளை அடையாளம் காண வேண்டியதுதான்.

அங்கே இந்த ஆய்வில் குழந்தைகள் குடல் மருத்துவர்களோடு கைகோத்தவர் ரயித் ட்வைக் என்ற நுரையீரல் மருத்துவர். குடல் நோய் ஆராய்ச்சியில் நுரையீரல் டாக்டருக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். மூச்சைப் பற்றி அதிகம் தெரிந்தவர் அவர்தானே! 2014-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மொத்தம் 117 பிள்ளைகள். 62 பேருக்கு ஐ.பி.டி, 55 பேர் ஆரோக்கியமானவர்கள். முன்கூட்டியே தேர்ந்தெடுத்த 21 சேர்மங்களை வைத்து இரண்டு அணிகளையும் பிரிக்க முடிந்தது. அதிலும் ஆக்டீன், டெசீன், நோனீன் குடும்பங்களைச் சேர்ந்த மூன்றே மூன்று சேர்மங்களை மட்டும் வைத்துப் பார்த்தபோதும் துல்லியம் 0.96.

இந்த 0.96 என்ன? நோயுள்ள ஒரு பிள்ளையையும் நோயில்லாத ஒரு பிள்ளையையும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தால், நூற்றுக்கு 96 தடவை நோயுள்ள பிள்ளைக்குத்தான் கருவி அதிக மதிப்பெண் போடும் என்று அர்த்தம். காசு சுண்டிப் பார்த்தால் 50 தடவை சரியாக வரும். 96 என்பது பிரமாதம்.

ஆனால் அதே ஆய்விலேயே இரண்டு விஷயங்கள் இடித்தன. க்ரோன் நோயா, அல்சரேட்டிவ் கொலைடிஸா என்று மூச்சால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நோய் தீவிரமாக இருக்கிறதா, அடங்கி இருக்கிறதா என்பதோடும் மூச்சு ஒத்துப்போகவில்லை. அழற்சிதான் இந்த வாயுக்களுக்குக் காரணம் என்றால், அழற்சி அதிகமாகும்போது வாயுவும் அதிகமாக வேண்டாமா? அப்படியானால் கருவி பிடித்தது அழற்சியையா, மாறிப்போன பாக்டீரியாக்களையா, சாப்பிடும் மருந்துகளையா? இந்தக் கேள்வி அங்கேயே நிற்கிறது.

என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. நோயுள்ள பிள்ளையையும் ஓடியாடி விளையாடும் ஆரோக்கியமான பிள்ளையையும் பிரிப்பதற்கு யாரும் கருவியைத் தேடவில்லை. டாக்டருக்கு முன்னால் உட்காரும் பிள்ளைகள் எல்லோருக்குமே வயிறு வலிக்கிறது. அதில் யாருக்கு ஐ.பி.டி என்பதுதான் தெரிய வேண்டும்.

ட்ரியஸ்ட் போட்ட கணக்கு

இத்தாலியின் வடகிழக்கு மூலையில் உள்ள ட்ரியஸ்ட் நகரின் குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் இதைத்தான் செய்தார்கள். 2017-ல் வெளியான அந்த ஆய்வில் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளை நான்கு அணிகளாகப் பிரித்தார்கள். க்ரோன் நோய் உள்ளவர்கள், அல்சரேட்டிவ் கொலைடிஸ் உள்ளவர்கள், ஐ.பி.டி இல்லாமல் வேறு வயிற்றுத் தொந்தரவு உள்ளவர்கள், வயிற்றுப் பிரச்னையே இல்லாமல் அறுவை சிகிச்சைக்கு வந்தவர்கள். இந்த மூன்றாவது அணியைச் சேர்த்ததுதான் கெட்டிக்காரத்தனம்.

வயிற்றுத் தொந்தரவு உள்ளவர்களோடு மட்டும் ஒப்பிட்டபோது, நோயுள்ள பிள்ளைகளில் 94 சதவிகிதம் பேரைக் கருவி சரியாகப் பிடித்தது. நோயில்லாதவர்களில் 65 சதவிகிதம் பேரைத்தான் ‘இல்லை’ என்று சரியாகச் சொன்னது. மீதி 35 சதவிகிதம் பேரை ‘இருக்கலாம்’ என்றது.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு வயிற்று வலியோடு 200 பிள்ளைகள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 பேருக்கு நிஜமாகவே ஐ.பி.டி. எல்லோரையும் ஊதச் சொல்கிறோம். 20 பேரில் 19 பேர் பிடிபடுவார்கள், ஒரு பிள்ளை தவறிப்போகும். நோயில்லாத 180 பேரில் 63 பேரைக் கருவி வீணாகப் பயமுறுத்தும். ஆக, 82 பேர் கொலனோஸ்கோபிக்குப் போவார்கள். அவர்களில் நான்கில் மூன்று பேர் ‘ஒன்றுமில்லை’ என்று திரும்பி வருவார்கள்.

‘இதுக்கா இவ்வளவு பில்டப்?’ என்று தோன்றும். ஆனால் இன்னொரு பக்கம் பாருங்கள். 118 பிள்ளைகள் அந்தத் தண்ணீரைக் குடிக்காமல், மயக்க மருந்து வாங்காமல் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். கொலனோஸ்கோபியின் இடத்தை இந்தப் பரிசோதனை பிடிக்கப்போவதில்லை, அதன் வாசலில் நிற்கத்தான் போகிறது என்று புரிந்துகொண்டால் இந்தக் கணக்கு மோசமில்லை. தவறிப்போகும் அந்த ஒரு பிள்ளையை என்ன செய்வது என்பதுதான் கவலை. கருவி ‘இல்லை’ என்று சொன்னாலும் எடை குறைந்துகொண்டே போகும் பிள்ளையை விட்டுவிடக் கூடாது என்பதற்கு டாக்டரின் கண்தான் வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. க்ரோன் நோயையும் அல்சரேட்டிவ் கொலைடிஸையும் பிரிக்க முடியவில்லை என்றது க்ளீவ்லேண்ட். ட்ரியஸ்ட், அதையும் ஓரளவு நன்றாகவே பிரிக்க முடிகிறது என்றது. இரண்டும் வெவ்வேறு கருவிகள், வெவ்வேறு சேர்மங்கள், வெவ்வேறு கணக்கு முறைகள். ஒரு ஊரில் கண்டுபிடித்த ‘மூச்சுக் கைரேகை’ அடுத்த ஊரிலும் பொருந்தினால்தான் அது கைரேகை. அது இன்னும் நடக்கவில்லை. ட்ரியஸ்ட் கணக்கில் மூச்சோடு பிள்ளையின் வயதையும் சேர்த்தார்கள். வயது மாறினால் மூச்சும் மாறுகிறது.

ஆஸ்பத்திரிக் காற்றே எதிரி

மூச்சை எடுப்பது கேட்பதற்குத்தான் சுலபம். நாம் வெளியே விடும் காற்றில் பாதி, நாம் உள்ளே இழுத்த காற்றின் சமாச்சாரம். ஆஸ்பத்திரி வராண்டாவில் சானிடைஸர் தடவிக்கொண்டு ஒரு நர்ஸ் கடந்துபோனால் போதும், அந்த ஆல்கஹால் ஆவி பிள்ளையின் மூச்சில் ஏறிவிடும். தரை துடைத்த லோஷன், சுவரின் புது பெயின்ட் எல்லாமே இப்படித்தான். காலையில் என்ன சாப்பிட்டார்கள், வாயில் சொத்தைப் பல் இருக்கிறதா, போன வாரம் ஆன்ட்டிபயாடிக் சாப்பிட்டார்களா என்பதெல்லாம் மூச்சை மாற்றும். அதனால் வாய் கொப்பளிக்க வைத்து, வடிகட்டிய காற்றை இழுக்கச் சொல்லி, முதலில் வரும் வாய்க்காற்றை விட்டுவிட்டு நுரையீரலின் அடியிலிருந்து வரும் காற்றை மட்டும் பிடிக்கப் பார்க்கிறார்கள். அதைச் சேமிக்கும் பையிலிருந்தே சில வாயுக்கள் கசியும் என்பதால் சீக்கிரம் கருவிக்குக் கொண்டுபோக வேண்டும். எத்தனை விநாடி ஊத வேண்டும், எந்தப் பை, எவ்வளவு நேரத்துக்குள் என்பதில் எல்லா ஆய்வுக்கூடங்களும் ஒரே முறைக்கு வராதவரை, ஒருவர் எண்ணை இன்னொருவர் எண்ணோடு ஒப்பிட முடியாது.

வாசனையைப் பிடிக்க மூச்சைத் தவிர வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் மருத்துவர்கள் ‘எலெக்ட்ரானிக் மூக்கு’ ஒன்றை வைத்து, குழந்தைகளின் மலத்திலிருந்து கிளம்பும் வாயுக்களில் ஐ.பி.டியைத் தேடினார்கள். அதே நகரில்தான் 2012-ல் க்ளிஃப் என்ற பீகிள் நாய், ஆஸ்பத்திரியில் பரவும் ஒரு குடல் கிருமியை மலத்திலும், நோயாளிகளின் பக்கத்தில் நடந்துபோயும் மோப்பம் பிடித்துக் காட்டிப் பேர் வாங்கியது. குடலுக்குப் பக்கத்தில் கிடைக்கும் வாசனைதான் நம்பகமானது என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கேயும் திரும்ப அந்த டப்பாதான்!

நம் ஊரில் இன்னொரு கேள்வி

க்ளீவ்லேண்டிலும் ட்ரியஸ்ட்டிலும் அவ்வளவாகக் குறுக்கே வராத ஒரு நோய் இந்தியாவில் உண்டு. வயிற்றுக் காசநோய். க்ரோன் நோய்க்குப் பிடித்தமான அதே இடத்தில், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில்தான் இதுவும் உட்காரும். வலி, காய்ச்சல், எடைக்குறைவு என்று அறிகுறிகளும் அதேதான். பயாப்ஸி எடுத்த பிறகும் சிலநேரம் எதுவென்று உறுதியாகத் தெரியாது. அப்போது காசநோய் மருந்தைச் சில மாதங்கள் கொடுத்து, குணம் தெரிகிறதா என்று பார்ப்பது இங்கே உள்ள வழக்கம். இதில் தப்புச் செய்தால் விபரீதம். க்ரோன் நோய்க்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் நோய் எதிர்ப்பை அடக்கும். காசநோய் உள்ள பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

இங்கே ஒரு மூச்சுப் பரிசோதனை வர வேண்டும் என்றால், ட்ரியஸ்ட்டின் நான்கு அணிகளோடு ஐந்தாவதாக வயிற்றுக் காசநோய் உள்ள பிள்ளைகளின் அணியும் இருக்க வேண்டும். அது இல்லாமல் வெளிநாட்டுக் கருவியை அப்படியே இறக்குமதி செய்தால், நம் டாக்டர்களுக்கு உள்ள முக்கியமான சந்தேகத்துக்கு அதில் பதிலே இருக்காது.

அதுவரை என்ன செய்வது?

கவனிக்க வேண்டியவை இவை. மலத்தில் ரத்தம். ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து மலம் கழிக்க ஓடுவது. சாதாரண வயிற்று வலி குழந்தையைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது குறைவு. காரணமில்லாமல் எடை குறைவது, உயரம் நின்றுபோவது, பருவமடைவது தள்ளிப்போவது. இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் தீராத ரத்தசோகை. அடிக்கடி வாய்ப்புண், மூட்டு வலி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல். ஆசனவாயைச் சுற்றி வெடிப்பு, சீழ், சதை வளர்ச்சி. இந்தக் கடைசி விஷயத்தைப் பிள்ளைகள் தாங்களாகச் சொல்லவே மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். இவற்றில் ஏதாவது இருந்தால் பூச்சி மருந்தோடு நிற்காமல் குழந்தைகள் நல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். போகும்போது தடுப்பூசி அட்டையையும், ஸ்கூலில் எடுத்த பழைய எடை, உயரக் குறிப்பு இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஓர் எண் டாக்டருக்கு நிறைய சொல்லும்.

நோய் உறுதியானால் இடிந்துபோக வேண்டியதில்லை. க்ரோன் நோயுள்ள பிள்ளைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வேறு எதுவும் இல்லாமல் சத்து பானம் மட்டும் கொடுத்தே ஸ்டீராய்டு இல்லாமல் அழற்சியை அடக்கும் சிகிச்சை இருக்கிறது. இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி மருந்துக்கு அமெரிக்காவில் 2006-லேயே குழந்தைகளுக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. நோயை முழுசாக விரட்ட முடியாவிட்டாலும், அடக்கி வைத்து ஸ்கூலுக்கும் விளையாட்டுக்கும் போக முடியும்.

கடைசியாக ஒன்று. நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் ‘ப்ரெத் டெஸ்ட்’ என்று எழுதிக் கொடுப்பார்கள். ‘மூச்சுல பார்த்தாச்சு, குடல்ல ஒண்ணுமில்லையாம்’ என்று அதை வைத்து நிம்மதியாகிவிடாதீர்கள். அங்கே செய்வது பெரும்பாலும் இரண்டு பரிசோதனைகள். ஒன்று ஹைட்ரஜன் பரிசோதனை. நம் உடம்பின் செல்கள் ஹைட்ரஜன் வாயுவைத் தயாரிப்பதில்லை, பாக்டீரியாக்கள்தான் தயாரிக்கும். அதனால் பால் சர்க்கரையைக் குடிக்கக் கொடுத்து மூச்சில் ஹைட்ரஜன் ஏறுகிறதா என்று பார்த்தால், பால் ஒத்துக்கொள்கிறதா என்று தெரியும். இன்னொன்று யூரியா பரிசோதனை. அது இரைப்பையில் புண் உண்டாக்கும் ஹெச்.பைலோரி கிருமிக்கானது. இரண்டுமே நல்ல பரிசோதனைகள். ஆனால் இரண்டுமே ஐ.பி.டியைக் கண்டுபிடிக்க அல்ல. சீட்டில் ப்ரெத் டெஸ்ட் என்று இருந்தால், எதற்கான ப்ரெத் டெஸ்ட் என்று கேளுங்கள். ஐ.பி.டி சந்தேகம் இருக்கிறதா, கால்ப்ரொடெக்டின் பார்க்க வேண்டுமா என்றும் அப்போதே கேட்டுவிடலாம். டப்பாவைப் பார்த்துப் பிள்ளை முகம் சுளித்தால், இரண்டு லிட்டர் தண்ணீரைவிட இது பரவாயில்லை என்று சொல்லிப் பாருங்கள்.